ஓம் என்பதற்கு இன்னொரு சொல்

சியன்னா நகரில் நண்பகல் கடந்ததும் கதவுகள் அடைபட்டுவிடும். கோயிற் கதவுகளும் அதற்கு விலக்கல்ல. நகரின் நடுவே சிப்பிபோல் சரிந்து கிடக்கும் செங்கல் முற்றம் ஆகஸ்டு மாத வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த அவ்வேளையில், ஒரு சிறு கன்னியர் மடத்தின் பக்கக் கதவருகே நாங்கள் நால்வரும் நின்றிருந்தோம். மாலை வரை திறக்கப்படாது என்னும் பலகை கதவில் தொங்கியது. நான் அதனை எழுத்துக்கூட்டிப் படித்துத் திரும்பிப் போகலாம் என்றேன். எங்களோடு வந்திருந்த அம்மையார் பலகையைப் பார்க்கவில்லை; கதவையே பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டினார்.

முதிய கன்னியர் ஒருவர் கதவைச் சிறிதே திறந்து எட்டிப் பார்த்தார். அம்மையார் தம் மன்னார்த் தமிழில், அடுத்த வளவுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"அம்மா, நாங்கள் கனதூரத்திலை இருந்து வந்தனாங்கள். ஒருக்கா உள்ளுக்குப் பாத்திட்டுப் போறம், ஏலுமே?"

கதவு திறந்தது. உள்ளே தூண்வரிசை சூழ்ந்த ஒரு முற்றம். அதன் நடுவே ஒரு கிணறு. நிழல் படிந்த மேற்குச் சுவரில் பாதி உதிர்ந்த ஓர் ஓவியம். வண்ணம் உதிர்ந்த இடத்தில், ஓவியன் முதலில் வரைந்து பார்த்த செங்காவிக் கோடுகள் வெளிப்பட்டிருந்தன. வானவர் ஒருவரின் கை முடிவுற்ற ஓவியத்தில் உயர்ந்திருந்தது. அடியிலிருந்த கோட்டிலோ தாழ்ந்திருந்தது. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவன் தன் மனத்தை மாற்றிக்கொண்டதை நான் அங்கே நேரிற் கண்டேன். அத்தகைய காட்சி வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை. அம்மையார் ஓவியத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கன்னியரிடம் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கண்ட இத்தாலி, அவர் கேட்டுத் திறந்த இத்தாலி. அந்த நன்றி நெஞ்சில் நெடுங்காலமாகக் கிடப்பதாலேயே இதனை எழுதுகிறேன். அவர் பெயரைக் குறிப்பிட மாட்டேன். அச்சில் தம் பெயரைக் காண்பதை அவர் விரும்பியிரார். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் இளையோர் அவரை மாமி என்றழைத்தனர். என்னை அவர் வாத்தியார் என்றழைத்தார். யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்பித்த எனக்குப் பாரிசில் எஞ்சியிருந்த ஒரே பட்டம் அதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அங்கு அகதிகளாக வந்து சேர்ந்த எங்களுக்குப் பொதுவாக ஒரு குணம் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்க மாட்டோம். மொழி வாராமை ஒரு காரணம். கேட்டால் நம் பத்திரத்தைக் கேட்பார்களோ என்னும் அச்சம் மற்றொன்று. மேற்பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடும் இரைச்சலின் கீழே, ரொட்டி சுடும் ஒரு பாண்கடை இருந்தது. அங்கு நான் விரலால் சுட்டிக் காட்டி, தந்ததை வாங்கிக்கொண்டு, தலைகவிழ்ந்து வெளியேறுவேன். அம்மையார் அதே கடையில் வரிசையின் முன்னே நின்று, "பிள்ளை, உது கருகிப்போச்சு. பின்னாலை வெள்ளையாய்க் கிடக்கிறதைத் தா" என்பார். கடைப்பெண் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்ததை எடுத்துக் கொடுப்பாள். "மெர்சி பிள்ளை" என்று சொல்லி வெளியே வருவார். நன்றிக்கான அந்த ஒரு சொல்லும், எங்கள் ஊரில் 'ஓம்' என்பதுபோல் ஆம் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் 'வுய்' என்பதுமே அவர் கற்ற பிரெஞ்சு. மிகுதி முழுவதும் தமிழ். தமிழும் கையும் முகமும்.

பாரிசின் ஸ்டாலின்கிராட் ரயில் நிலையத்தின் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பில் படிக்கட்டுத் துடைப்பது அவர் வேலை. கீழ்த்தளத்தில் ஓர் உணவகம் இருந்தது. வேலையின்றி நான் அலைந்த நாள்களில், ஒரு காலை என் கையைப் பிடித்து அவ்வுணவகத்துக்குள் அழைத்துச் சென்று, கல்லாவில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "இவர் நல்ல மனிசன். ஒரு வேலை தாருங்கோ" என்று தமிழிற் சொன்னார். நான் நாணிக் கூசி நின்றேன். அன்று பிற்பகலே அங்குப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன். வாசலைக் கடக்குமுன் அவர் என்னிடம் சொன்னது இன்னும் செவியில் உள்ளது.

"கேட்டுப் பாப்பம், வாத்தியார். மாட்டன் எண்டால் வந்த வழி அங்கைதானே கிடக்குது."

இதனை அவர் எல்லா வாசல்களிலும் சொல்வார். அவரோடு வெளியே செல்லக் கூசியவர்களும் இருந்தனர். மாமியோடு போனால் மானம் போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே, தங்களுக்கு வீடோ மருந்தோ வேண்டியிருந்தபோது அவரையே முன்னே அனுப்பினர்.

இவ்வாறு பிறருக்காகவெல்லாம் கேட்ட அவருக்கு, தமக்கெனக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. அவருடைய இளைய மகன் மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவன். மாதங்கள் பல கடந்தும் அவனைப் பற்றிய செய்தி இல்லை. போர் நடந்த அந்நாள்களில் படகுகளுக்கு நேர்ந்தவற்றை எல்லோரும் அறிவோம். அவர் முன்னிலையில் மட்டும் எவரும் பேசுவதில்லை. காணாமற் போனவற்றைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று கத்தோலிக்கர் நம்பும் அந்தோனியாரிடம் அவர் நேர்த்தி வைத்திருந்தார். இத்தாலியின் பதுவை நகரில் இருக்கும் அவருடைய கல்லறையில் கைவைத்து மகனைக் கேட்க வேண்டும் என்பது அந்நேர்த்தி. நான் சைவன். ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிய சைவர் எங்கள் ஊரிற் பலர் இருந்தமையால், அவ்வேண்டுதல் எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

பாரிசின் புறத்தே லெ பிளாங்-மெனிலில் குடியிருந்த ஒரு தம்பி, 'வான்' என்று நாங்கள் சொல்லும் சிற்றுந்து ஒன்று வைத்து, லா சப்பல் கடைகளுக்கு மரக்கறி இறக்கிவந்தார். எவரையும் கேலி செய்யாமல் இருக்க இயலாதவர். அவர் மனைவிக்கு நெடுநாளாக ஒரே ஆசை. வெனிசு நகரில் தண்ணீர்த் தெருவில் படகேற வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் உணவகங்கள் மூடப்பட்டு எங்கள் எல்லோருக்கும் விடுப்புக் கிடைத்தபோது, பதுவைக்குக் கூட்டிப்போகும்படி அம்மையார் தம்பியிடம் கேட்டார். வழக்கம்போலவே இம்முறையும் மாட்டேன் என்னும் விடை வரவில்லை. அகதிகளுக்கான பயணப் புத்தகங்களோடும், புளிச்சாதப் பொதிகளோடும், எவ்வளவு கழுவியும் போகாத வெங்காய வாடையோடும் நால்வரும் புறப்பட்டோம்.

இத்தாலிக்குள் செல்லும் மலைச் சுரங்கப் பாதையின் வாயிலில் எல்லைக் காவலர் எங்கள் புத்தகங்களை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றனர். நாங்கள் மூவரும் மூச்சடக்கி அமர்ந்திருந்தோம். அம்மையார் இறங்கிச் சென்று, கண்ணாடிச் சாளரத்தில் தட்டி, சுடுநீர்க் குடுவையை நீட்டினார். உள்ளிருந்த காவலர் ஒருவர் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தபடி குடுவையை நிரப்பிக் கொடுத்தார்; புத்தகங்களும் அதனுடனேயே வந்தன. தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

"மாமி, உங்களை விட்டால் பாப்பரசரிட்டையும் சுடுதண்ணி கேப்பியள்."

"குடுத்தால் வாங்குவன்" என்று சொல்லி அவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார்.

நேர்த்தி முதலில் என்பது ஏற்பாடு. ஆகவே வழியில் எந்நகரிலும் தங்காமல் பதுவைக்கே சென்றோம். காலை இளவெயிலில் குவிமாடங்களும் ஊசிக் கோபுரங்களும் கலந்த அப்பெருங்கோயில், கீழைநாட்டு அரண்மனை ஒன்று வழிதவறி வந்து நின்றதுபோல் தோன்றியது. அம்மையார் சிற்றுந்திலேயே வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தார். தாம் தனியே போக வேண்டும் என்றார். தம்பியும் மனைவியும் வண்டியை நிறுத்த இடம் தேடிச் சென்றனர். கோயில் முன்றிலில் குதிரைமேல் வீற்றிருக்கும் படைத்தலைவன் ஒருவனின் வெண்கலச் சிலையை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்பார்த்ததினும் விரைவில் அவர் திரும்பிவிட்டார். காலணிகளைக் கையிற் பிடித்திருந்தார்.

"பாத்தாச்சு. போவம்" என்றார்.

மனநிறைவால் வந்த அமைதி என்று நான் எண்ணினேன். ஆனால் வெனிசை நோக்கிய வழியில், எரிபொருள் நிலையத்தில் தம்பி குடுவையை நீட்டி, "மாமி, உங்கடை வேலை" என்றபோது, "நீ கேள் தம்பி" என்று சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருமென்று நாங்கள் எண்ணியதில்லை. தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

வெனிசின் தலைவாயிலில் சிற்றுந்தை விட்டு நடந்தோம். முதல் வாய்க்காலும் முதற் பாலமும் கண்ணிற் பட்டதுமே தம்பியின் மனைவி குழந்தையாகிவிட்டாள். பாலத்தடியில் ஒரு காப்பிக் கடை இருந்தது. நால்வருக்கு மூன்று நாற்காலிகளே இருந்தமையால், அவள் அடுத்த மேசையின் வெற்று நாற்காலியைத் தொட்டு, எடுக்கலாமா என்று கையாற் கேட்டாள். பரிமாறுபவன் இரு கைகளிலும் கோப்பைகள் நிறைந்த தட்டுடன் விரைந்துகொண்டிருந்தான். ஒரு கையை விடுவித்து, புறங்கையை வெளியே வீசி, "சீ, சீ" என்றான்.

அம்மையாரின் முகம் கறுத்தது.

"ஏன் வாத்தியார் அவன் உந்தப் பிள்ளையைச் சீ எண்டு கலைக்கிறான்? கதிரைதானே கேட்டவள்?"

"கலைக்கேல்லை அக்கா. எடு, எடு எண்டு சொல்லுறான். இவையின்ரை பாசையிலை 'சீ' எண்டால் ஓம்."

எங்கள் உணவகத்துச் சமையற்காரர் ஓர் இத்தாலியர். நாள் முழுதும் அவர் வாயில் அச்சொல் புரண்டுகொண்டே இருக்கும். 'சீ' என்பதை இகழ்ச்சிக் குறிப்பு என்று வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். பாத்திரத் தொட்டியருகே அதனை முதன்முதற் கேட்ட நாளில் நானும் ஒரு கணம் திடுக்கிட்டவனே.

"ஓம் எண்டே?" என்று அம்மையார் கேட்டார். பின்னர் இருக்கையிற் சாய்ந்தார்.

"வாத்தியார், நான் காலமை கல்லறையிலை கை வைக்கேல்லை."

நடந்ததை அப்போதுதான் சொன்னார். எங்கள் ஊர்க் கோயிலிற் செய்வதுபோல் வாசலிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு கல்லறை இருக்கும் பக்கத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கோயிற் பணியாளர் ஒருவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றிருக்கிறார். அவரிடம் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். தம் நெஞ்சைத் தொட்டு, கல்லறையைக் காட்டி, கை வைக்கலாமா என்று. அந்த மனிதர் புறங்கையை வீசி, "சீ, சீ" என்றிருக்கிறார்.

"வெறுங்காலைப் பாத்திட்டுப் பிச்சைக்காரி எண்டு நினைச்சிட்டான் எண்டுதான் முதல் நினைச்சன். வேறை இடம் எண்டால் திருப்பிக் கேட்டிருப்பன். அது அந்தோனியாற்றை வாசல். பிள்ளையைக் கேக்கப் போன இடத்திலை சீ எண்டால்..." அவர் நிறுத்தினார். "பொடியன் இல்லை எண்டுதானே அர்த்தம். அதுதான் வந்திட்டன்."

வந்த வழி அங்கே கிடக்கிறது என்று எல்லா வாசல்களிலும் சொன்னவர், அந்த வழியே நடந்து வந்திருக்கிறார். அந்த நெடுஞ்சாலை முழுவதும், எங்கள் நடுவே அமர்ந்து, தம் மகனை இறந்தவனாகக் கொண்டிருக்கிறார். ஒற்றை எழுத்தில் அமைந்த ஒரு சொல் அத்தனை பாரத்தையும் அவர்மேல் வைத்திருந்தது.

தம்பியின் மனைவி வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தாள். கறுத்த படகு ஒன்று எங்கள் பாலத்தின் கீழ் நுழைந்து மறைந்தது. அன்று ஒரு நாளே வெனிசுக்கு என்று ஒதுக்கியிருந்தோம். மறுநாட் காலை பிளாரன்சு நோக்கிப் புறப்பட வேண்டும். பதுவைக் கோயில் மாலையில் மூடப்படும். இரண்டிலொன்றே இயலும் என்பதை நால்வரும் அறிந்திருந்தோம். அம்மையார் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எத்தனையோ கதவுகளைத் தட்டியவருக்கு, எங்களிடம் கேட்க அன்று வாய் எழவில்லை. இறுதியில் கேட்டார், மிகத் தாழ்ந்த குரலில்.

"தம்பி, வானைத் திருப்பேலுமே?"

தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சீ, மாமி" என்றார் தம்பி. "சீ, சீ. வெனிசு கடலுக்கை தாழுது எண்டு சொல்லுகினம். இண்டைக்குத் தாழாது."

அம்மையார் அழுகையினூடே சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நாங்கள் சென்றடைந்தபோது மாலை வழிபாடு முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். இம்முறை நால்வரும் உள்ளே சென்றோம். அவர் வெறுங்காலோடு செல்வதைக் கண்டு நாங்களும் காலணிகளைக் கழற்றினோம். அதே பணியாளர் அங்கே நின்றார். காய்ப்பேறிய கைகளும் களைத்த கண்களும் உடைய நடுவயதினர்; கொடுமை ஏதும் அம்முகத்தில் இல்லை. அம்மையார் அவர் எதிரே போய் நின்று, காலையிற் கேட்ட அதே சொற்களைக் கேட்டார்.

"ஐயா, நான் போய்க் கை வைக்கலாமே?"

அவர் எங்கள் எட்டு வெறுங்கால்களையும் பார்த்தார். புறங்கையை வீசினார், அதே வீச்சுத்தான்.

"சீ, சீ, சீ" என்றார்.

அம்மையார் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார். கல்லறையின் பின்புறத்தில், எத்தனையோ தலைமுறைகளின் கைபட்டு வழவழத்துப்போன பசுங்கற் பலகை ஒன்று உள்ளது. அருகே காணாமற் போனவர்களின், நோயுற்றவர்களின் நிழற்படங்கள் நிறைந்திருந்தன. அவர் வலக்கையை விரித்துக் கல்லில் வைத்து, நெற்றியைக் கையின்மேற் சாய்த்தார். என்ன கேட்டார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. ஏனையோர் அவரைச் சுற்றிச் சென்றனர். அப்பணியாளரும் அவரை விரைவுபடுத்தவில்லை. அவர் விலகிய பின் நானும் கை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது, அவர் கை இருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதன்பின் எஞ்சிய நகரங்களில் அவர் இருமடங்காகக் கேட்டார். பீசா நகரில் சாய்ந்த கோபுரத்தைக் காட்டி, உது விழுமுன் நிமிர்த்த மாட்டீர்களா என்று சீட்டுக் கிழிப்பவரிடம் கேட்டார். அவரும் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டவர்போல் தலையசைத்தார். பிளாரன்சில், உயரத்திலிருந்த ஓவியம் ஒன்றின்மேல் விளக்கைத் திருப்பச் சொல்லி என்னை நெடுநேரம் பார்க்க வைத்தார். முதலிற் சொன்ன சியன்னாக் கதவும் இந்நாள்களில் திறந்ததுதான். அந்த முதிய கன்னியர் 'சீ' என்றதும், அம்மையார் விருதொன்று பெற்றவர்போல் எங்களைத் திரும்பிப் பார்த்ததை அப்போது சொல்லாமல் விட்டேன். அதன் பொருள் விளங்கியிராது.

பாரிசுக்குத் திரும்பியபின் நால்வருக்கும் அது ஒரு வழக்காயிற்று. தேநீர் வேண்டுமா என்றால் சீ. ஞாயிற்றுக்கிழமை வருவீரா என்றால் சீ. பிறர் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்தனர்.

குளிர் தொடங்கிவிட்ட ஒரு பிற்பகலில், மரக்கறிக் கடை ஒன்றில் அம்மையாரோடு நின்றிருந்தேன். கத்தரிக்காய் வாங்கிவிட்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை சும்மா தரும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி வாசலில் வெங்காயப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கடைத் தொலைபேசி எங்கள் பலருக்கும் பொதுவான தொலைபேசி. அது ஒலித்தது. எடுத்த கடைக்காரர், இந்தியாவிலிருந்து மாமியைக் கேட்கிறார்கள் என்று நீட்டினார்.

அம்மையார் வாங்கிக் காதில் வைத்தார். கறிவேப்பிலைக்கு நீட்டிய மறு கையை மடக்க மறந்திருந்தார். தம்பி பெட்டியை ஏந்தியபடியே உள்ளே வந்தார்.

"மாமி, பொடியனோ? அவன்தானோ கதைக்கிறான்?"

அவர் எங்களைப் பார்த்தார். கண்ணீர் தாடையில் வழிந்தது. பின்பு சொன்னார்.

"சீ... சீ... சீ..."

கடைக்காரர் திகைத்துப்போய், "ஆரை மாமி கலைக்கிறியள்?" என்றார்.

தம்பி பெட்டியை மெல்ல நிலத்தில் வைத்தார். மேற்சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கலைக்கேல்லை அண்ணை" என்றார். "ஓம் எண்டு சொல்லுறா."